திண்டிவனத்தில் ஒரு முட்டை மைதானம்

போன மாதம் நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து பாபு போன் செய்தான். அவன் அங்கே இப்போது மார்க்கர். மார்க்கர் என்றால் விளையாட்டு மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், வலை கட்டுகிறவர், பந்துக்குக் காற்றடிக்கிறவர். ஓய்வு பெறும்வரை நானும் அந்த வேலையைத்தான் பார்த்தேன். இப்போது தள்ளுவண்டி மாதிரி ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். பெயின்டை ஊற்றித் தள்ளினால் கோடு தானாக விழுகிறதாம். அதைப் பெருமையாகச் சொல்லி முடித்துவிட்டு, "அண்ணா, நீங்க ஒரு தபா ஃபுட்பால் கிரவுண்ட முட்டையாட்டம் போட்டீங்களாமே, நெசமா?" என்று கேட்டான். யாரோ பழைய மாணவர் விழாவுக்கு வந்த இடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. போட்டேன், ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பிறகு பாவம், பையன் என்ன செய்வான் என்று தோன்றியது. போனில் சொல்ல முடியாததை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளில் இந்தப் பக்கமெல்லாம் தென்னார்க்காடு ஜில்லா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வளவனூரில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு, திண்டிவனத்துக் கல்லூரியில் வேலை கிடைத்தது. பந்துக்கு ஒட்டுப் போடத் தெரியும் என்பதுதான் என் தகுதி. மற்றதெல்லாம் அங்கே போய்க் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவர் மாணிக்கம் சார். பிசிகல் டைரக்டர் என்பதால் எல்லோருக்கும் அவர் பி.டி. சார்.

அவர் வேலை வாங்கிய விதத்தைச் சொல்லவேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வருவார். மைதானத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிடுவார். வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். கல், கண்ணாடித் துண்டு, எலி வளை எல்லாம் அவர் காலுக்குத்தான் முதலில் தெரியும். அவர் நடந்து முடிக்கும்வரை நான் சுண்ணாம்பு டப்பாவைத் தொடக்கூடாது. கண்ணு ஏமாத்திடும் கோவிந்தா, காலு ஏமாத்தாது என்பார்.

பிறகு கோடு. முளை அடித்து, நைலான் கயிற்றை விறைப்பாகக் கட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட தகர டப்பாவில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டி, கயிற்றை ஒட்டியே உலுக்கிக்கொண்டு குனிந்தபடி போகவேண்டும். நான்கு மூலையும் சதுரமாக வந்திருக்கிறதா என்று பார்க்க, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தடவை கயிறு பிடிப்போம். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் தலையை ஆட்டுவார். கோடு எங்காவது நெளிந்திருந்தால் திட்டமாட்டார். அந்த இடத்துக்குப் போய் காலால் அழிப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நான் மறுபடி போடுவேன். மறுபடி நெளிந்தால் மறுபடி அழிப்பார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு வலித்திருக்காது, அந்த மௌனம்தான் ஆளைக் கொன்றுவிடும்.

அந்தக் காலத்தில் எங்கள் கல்லூரியில் ஃபுட்பால் ஆடியவர்கள் பெரும்பாலும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்த பையன்கள். ரயில்வே காலனிப் பிள்ளைகள். அப்பன் ஆடினான், மாமன் ஆடினான், இவர்களும் ஆடினார்கள். காணை, முகையூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் கபடி ஆடுவார்கள், இல்லையென்றால் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். உலகக் கோப்பை டி.வி.யில் வந்த வருஷம்தான் கிராமத்துப் பையன்களும் ஃபுட்பால் பக்கம் திரும்பினார்கள்.

அதே வருஷம்தான் டெனிஸ் பிரதர் வந்தார். ஆஸ்திரேலியாக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஊரில் உள்ள மாதா கோயிலில் தங்கிக்கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தார், அதனால் நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார். ஒரு நாள் பிரின்சிபாலிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். கையில் இரண்டு முனையும் கூம்பிய ஒரு சிவப்புப் பந்து. பார்த்ததும் பையன்கள் அதற்குப் பப்பாளிப் பந்து என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அவர்கள் ஊர் ஃபுட்பால் அதுதானாம். மைதானம் செவ்வகம் கிடையாது, முட்டை வடிவம். காலை நேரத்தில் மட்டும் ஆடிக்கொள்ளலாம், சாயங்காலம் வழக்கமான ஃபுட்பால் என்று பி.டி. சார் சொல்லிவிட்டார். எனக்கு அதுவரை நேர்க்கோடு, மூலைக்கோடு, நடுவட்டம் தவிர எதுவும் தெரியாது. டெனிஸ் பிரதர்தான் காட்டினார். மைதானத்தின் நீளவாக்கில் இரண்டு முளை அடித்தார். நீளக் கயிறு ஒன்றை இரண்டு முனையும் சேர்த்து முடிந்து, அந்த வளையத்தை இரண்டு முளைக்கும் சேர்த்துப் போட்டார். கயிற்றை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பிடித்தபடி சுற்றி நடந்தால் முட்டை விழுந்துவிடுகிறது. முளையில் கயிறு சிக்காமல் நழுவுவதற்கு முளைக்கு ஒரு ஆள் உட்காரவேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை நான் சுற்றி முடித்து ஆரம்பித்த இடத்துக்கு வந்தபோது கோடு கோட்டோடு சேரவில்லை. ஒரு முழம் தள்ளி நின்றது. தூரத்தில் நின்ற பி.டி. சார் வந்தார். அவருடைய ஆட்டம் இல்லை, அவருக்கு அதன் விதிகூடத் தெரியாது. ஆனாலும் காலால் அழித்தார். நான் மறுபடி போட்டேன். அன்றைக்கு அது சரியாகச் சேரவே இல்லை.

இரண்டு பக்கமும் நான்கு நான்கு சவுக்குக் கழி நட்டோம். நடுக்கழிகள் இரண்டும் உயரம், ஓரத்துக் கழிகள் குட்டை, மேலே குறுக்குக் கட்டை கிடையாது. நடுவில் பந்து போனால் ஆறு பாயிண்டு. குறி தப்பி ஓரத்தில் போனாலும் ஒரு பாயிண்டு உண்டு. பையன்களுக்கு அந்த ஒரு பாயிண்டு மேல் அவ்வளவு ஆசை வந்துவிட்டது. எந்தப் பரீட்சையில் தப்பான விடைக்கு மார்க் போடுகிறார்கள்? பந்தைக் கையில் எடுக்கலாம், ஓடலாம், நடுநடுவே தரையில் தட்டிக்கொள்ளவேண்டும். முக்கியமான விஷயம் ஒன்று. தூரத்திலிருந்து ஒருவன் உதைத்த பந்தைத் தரையில் படாமல் இன்னொருவன் அந்தரத்தில் பிடித்துவிட்டால் விசில் ஊதுவார்கள். எல்லோரும் விலகி நிற்கவேண்டும். பிடித்தவன் நிதானமாகப் பின்னால் நடந்துபோய் தன் இஷ்டத்துக்கு உதைக்கலாம்.

கபடிக்காரக் கைகளுக்கு இது தோதாக இருந்தது. ஃபுட்பாலில் கால் பழக வருஷக்கணக்காகும். இதில் வந்த அன்றே எகிறிப் பிடித்துக் கைதட்டு வாங்கலாம். ஒரே மாதத்தில் காலைக் கூட்டம் சாயங்காலக் கூட்டத்தைத் தாண்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர்கூட வேடிக்கை பார்க்க வந்தார். ஃபுட்பால் கெட்டது, இனி இதுதான் என்று நானே நினைத்தேன்.

பி.டி. சார் மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஆட்டம் நல்லாத்தான் இருக்கு கோவிந்தா, எதிர்ல ஆட ஆளு எங்க என்று கேட்டார். அவர் கேட்டது பிறகுதான் புரிந்தது. ஃபுட்பாலுக்கு விழுப்புரத்தில் ஒரு டீம், கடலூரில் ஒரு டீம், பாண்டிச்சேரியில் தடுக்கி விழுந்தால் ஒரு டீம். பந்து கிழிந்தால் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிக்கூட ஆடலாம். இந்தப் பப்பாளிப் பந்து கப்பலில் வரவேண்டும். எங்கள் பையன்கள் இரண்டாகப் பிரிந்து எங்கள் பையன்களோடேயே ஆடினார்கள். ஜெயித்தாலும் நாங்கள், தோற்றாலும் நாங்கள். எதிரி இல்லாத ஆட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு வேலிக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

அந்த ஆட்டத்தில் எல்லோரையும் மிஞ்சியவன் ஏழுமலை. முகையூர்ப் பக்கத்துப் பையன், பி.ஏ. இரண்டாம் வருஷம். நெட்டையான உடம்பு, கயிறு மாதிரி கை. அவன் எகிறினால் கீழே நிற்பவன் தோள்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு பந்தைப் பிடிப்பான். அப்பா இல்லை. அம்மா கொஞ்சம் காட்டை வைத்துக்கொண்டு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டு அவனைப் படிக்க வைத்தாள். சாயங்காலம் அவன் ஃபுட்பாலும் ஆடினான், எங்கள் டீமில் கோலுக்கு முன்னால் நிற்கிற ஸ்டாப்பர் அவன்தான். பி.டி. சார் அவனுக்காக ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ரயில்வேக்கு ஆள் எடுக்கிறவர் ஒருவர், விழுப்புரத்தில் நடக்கிற கல்லூரிகளுக்கு இடையேயான ஃபைனலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கண்ணில் பட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய விஷயம் எதுவும் கிடையாது. ஃபைனல் முடியும்வரை காலை ஆட்டத்துக்குப் போகாதே என்று பி.டி. சார் அவனிடம் ஒரு தடவை சொன்னார். அவன் தலையை ஆட்டினான், அப்புறமும் போனான். இரண்டாம் தடவை சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஃபைனல் அன்று விழுப்புரத்தில் மைதானம் நிரம்பி வழிந்தது. எங்களுக்கு எதிரே கடலூர்ப் பக்கத்துக் கல்லூரி. இரண்டு பேரும் கோல் போடவில்லை. ஆட்டம் முடிகிற நேரம். அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவன் உயரமாக ஒரு பந்து உதைத்தான். அது எங்கள் கோலை நோக்கி இறங்கியது. ஏழுமலை ஓடி வந்தான், எகிறினான், இரண்டு கையாலும் பந்தை அள்ளிப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். அவ்வளவு சுத்தமாக ஒருவன் பந்து பிடித்து நான் பார்த்ததில்லை.

அதோடு விட்டானா? எல்லோரும் விலகுவதற்காகக் காத்து நின்றான். எதிரிகளைப் பார்த்தபடியே நான்கு எட்டு பின்னால் நடந்தான். அவன் மனசுக்குள் அவன் திண்டிவனத்தில் இருந்தான். மைதானம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவன் தன் கையைக் குனிந்து பார்த்தான். ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார். அந்த ஒரு கோலில் தோற்றோம். ரயில்வேக்காரர் எழுந்து போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பி.டி. சார் ஏழுமலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். திண்டிவனம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், காலையில் கிரவுண்டுக்கு வந்துவிடு என்றார். அவன் வரவில்லை. கல்லூரிக்கும் வரவில்லை.

மறுநாள் வந்தவர் டெனிஸ் பிரதர். கையில் கடப்பாரை. நேராகப் போய் சவுக்குக் கழிகளைத் தோண்டி எடுக்க ஆரம்பித்தார். வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்த பி.டி. சார் அவரிடம் போனார், நானும் கூடவே போனேன்.

"தவறு என்னுடையது. நான் அவன் கைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன்" என்றார் பிரதர். அவர் கண் கலங்கியிருந்தது.

பி.டி. சார் ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். கழி இருக்கட்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. தன் கையாலேயே ஒரு கழியைப் பிடித்து ஆட்டிப் பிடுங்கினார். எட்டுக் கழியும் வெளியே வந்தன. குழிகளை நான் மண்போட்டு மூடினேன். திண்டிவனத்தில் அந்த ஆட்டம் அன்றோடு முடிந்தது. யாரும் தடை போடவில்லை, கொண்டுவந்தவரே எடுத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் பி.டி. சார் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். விழுப்புரத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து முகையூர் போய், அங்கிருந்து நடந்தோம். ஏழுமலை காட்டில் மல்லாட்டைக்குக் களை கொத்திக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டான். அவன் அம்மா ஓடிவந்து, வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று கேப்பைக்கூழ் கரைத்துக் கொடுத்தாள். பி.டி. சார் வரப்பில் உட்கார்ந்து முழுசாகக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அந்தப் பந்த ஏண்டா புடிச்ச?"

"தெரில சார். கை தானா போய்ட்ச்சி."

"தானா போற கைய இன்னா பண்றது? வெட்டியா போடமுடியும்? நீ புடிச்சது தப்பில்லடா, நின்ன எடந்தான் தப்பு. இன்னும் கொஞ்சம் பின்னால போய் கோல்ல நில்லு. அங்க நின்னு புடிச்சா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

ஏழுமலை கால் விரலால் மண்ணைக் கீறினான். "ஊரே சிரிச்சிக்கினு இருக்கு சார். நான் வந்து நின்னாலே சிரிப்பாங்க" என்றான்.

"சிரிக்கட்டும். பந்து உள்ள போவுதா இல்லியான்னு மட்டும் நீ பாரு."

அவ்வளவுதான் பேச்சு. வேலை, ரயில்வேக்காரர் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. அடுத்த வாரம் ஏழுமலை வந்துவிட்டான்.

எங்கள் கோல்கீப்பர் அந்த வருஷத்தோடு படிப்பு முடித்துப் போனான். அவன் இடத்துக்கு ஏழுமலையைத் தயார் செய்தவர் டெனிஸ் பிரதர்தான். பி.டி. சாரே போய்க் கேட்டுக்கொண்டார். கோடை முழுக்க பிரதர் வட்டப் பந்தை வைத்துக்கொண்டு மைதானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் உயர உயர உதைத்தார். அவன் பிடித்துக்கொண்டே இருந்தான். பிடித்ததும் பின்னால் நடக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. கோலுக்குள் நடந்தால் தனக்குத்தானே கோல் என்று பிரதர் தலையில் அடித்துக்கொள்வார். நடுவில் அடிக்கடி பந்தைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு நிழலில் உட்காருவார். நம்ம ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் நினைத்தோம். மழைக்கு முன்னால் வைத்தியத்துக்காக ஊருக்குப் போனார். போகும்போது, ஃபைனலுக்கு வந்துவிடுவேன் கோவிந்தன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

அடுத்த ஃபைனலும் விழுப்புரத்தில். எதிரே அதே கல்லூரி. பி.டி. சார் கேட்டுக்கொண்டதால் அந்த மைதானத்துக்குக் கோடு போட நானும் விடியற்காலையில் போயிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். கோல் லைன் கிட்ட வந்து நின்று, நான் போட்ட கோட்டைக் காலால் அழித்தார். நெளிவு ஏதும் இல்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னும் கெட்டியாப் போடு, போஸ்ட்டு கனத்துக்குப் போடு என்றார். போட்டேன்.

ஏழுமலை கோலுக்கு வந்தபோது, அவன் சொன்ன மாதிரியே சிரித்தார்கள். "கைய கட்டிக்கோடா" என்று ஒருவன் கத்தினான். ரயில்வேக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். இந்த முறை நாங்கள் ஒரு கோல் போட்டிருந்தோம். கடைசி நேரத்தில் மூலையிலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. எத்தனையோ பேர் அதற்காக எகிறினார்கள். அத்தனை தலைக்கும் மேலே இரண்டு கை தெரிந்தது. அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். இறங்கினவன், எதிரிகளைப் பார்த்தபடியே பின்னால் நடக்க ஆரம்பித்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பி.டி. சார் எழுந்துவிட்டார். அவர் பதறி நான் பார்த்தது அது ஒரு தடவைதான். ஒரு எட்டு, இன்னொரு எட்டு. குதிகால் கோட்டில் பட்ட இடத்தில் ஏழுமலை குனிந்து பார்த்தான். வெள்ளையாக, கெட்டியாக இருந்தது கோடு. நின்றுவிட்டான். பிறகு முன்னால் ஓடி வந்து ஓங்கி உதைத்தான். பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ரயில்வேக்காரர் தானாக எழுந்து வந்து அவன் பேரையும் ஊரையும் கேட்டார். வேலை அந்த வருஷமே கிடைத்தது.

பி.டி. சார் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், பிரதருக்கு உடனே தந்தி அடிக்கணும் கோவிந்தா, விலாசம் வாங்கிக்கினு வா என்றார். திண்டிவனம் வந்ததும் நேராக மாதா கோயிலுக்கு ஓடினேன். ஃபாதர் என்னை உட்காரச் சொன்னார். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம்தான் தகவல் வந்ததாம், ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அவருக்காகப் பூசையும் வைத்து முடித்துவிட்டார்களாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஃபைனல் மும்முரத்தில் நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

பி.டி. சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை எப்போதும் போல வந்தார். செருப்பைக் கழற்றினார், மைதானம் முழுக்க நடந்தார். கோப்பையோடு வந்த பையன்களில் ஏழுமலையும் இருந்தான். அவனுக்கு நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அழுது முகம் வீங்கியிருந்தது. நடந்து முடித்த பி.டி. சார் என்னிடம் வந்து, "ரெண்டு முளையும் அந்த நீளக் கயிறும் எடு" என்றார்.

எனக்குப் புரிந்தது. ஒரு முளையிடம் ஏழுமலை உட்கார்ந்தான். இன்னொன்றில், வேட்டியை மடித்துக்கொண்டு பி.டி. சாரே மண்ணில் உட்கார்ந்தார். நான் கயிற்றை இழுத்துப் பிடித்து, சுண்ணாம்பு டப்பாவை உலுக்கிக்கொண்டு நடந்தேன். அவசரமே இல்லை. சாயங்காலம் ஃபுட்பாலுக்கு வந்த பையன்கள், கோடு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். இன்னைக்கு ஆட்டம் இல்ல என்று பி.டி. சார் அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

பாபு, நான் கடைசியாகப் போட்ட முட்டை கிரவுண்டு அதுதான். அதில் யாரும் ஆடவில்லை. அன்றைக்குக் காலை நான் சுற்றி முடித்து, ஆரம்பித்த இடத்துக்கு வந்தபோது கோடு கோட்டோடு சரியாகச் சேர்ந்ததா என்று எனக்கே தெரியவில்லை, கண்ணீர் மறைத்தது. பி.டி. சார் எழுந்து வந்து அந்த இடத்தில் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். காலால் அழிக்கவில்லை.